தட்டான் குஞ்சுகளைக் கரையேற்றியவர்கள்

ஓடையில் இறங்குமுன் செருப்பைக் கழற்றி, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒற்றிய கை ஈரம் காயுமுன் பிஸ்கட் உறையைக் கசக்கி அதே தண்ணீரில் விட்டார்கள். மும்பையில், செம்பூரில் அந்தக் கட்டடத்து மனிதர்களைப் பற்றி இதோடு நிறுத்திக்கொண்டாலும் போதும். ஆனால் நிறுத்தப் போவதில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கட்டடத்தின் முன்வாசலை ஒட்டி, டிராம்பே மலையடிவாரத்திலிருந்து வரும் ஓடை ஒன்று ஓடுகிறது. மழைக்காலத்திலும் அதற்குப் பின் சில வாரங்களிலும்தான் அதற்கு உயிர். பிறகு வெறும் கல். கட்டியவன் "ஓடைக்கரை வாழ்க்கை" என்று விளம்பரம் போட்டு விற்றான், இவர்களும் வாங்கினார்கள். பின்பக்கம் மதில் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டிக் கீரைப் பாத்திகள், அதையும் தாண்டி ஹார்பர் லைன் தண்டவாளம். விளம்பரப் படத்தில் வாய்க்காலும் இல்லை, பாத்தியும் இல்லை, ரயிலும் இல்லை. குடிவந்த பிறகுதான் கட்டடத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரிந்தது.

உடனே வார்டு ஆபீஸுக்குக் கடிதம் பறந்தது. பின்பக்கத்து வாய்க்கால் கொசு வளர்க்கிறது, குழாய் போட்டு மூடிவிடுங்கள். அங்கே இருந்த இன்ஜினியர் வேலையைத் தள்ளிப்போடுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஓடை எப்படி, வாய்க்கால் எப்படி என்று இரண்டையும் ஒப்பிட்டு ஆதாரம் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அவர் சும்மா சொன்னது. இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நீர்க்காப்புக் குழுவையே ஆரம்பித்துவிட்டார்கள். குழு என்றால் முதலில் பச்சை டீ-ஷர்ட், பிறகு தொப்பி, பிறகு வாட்ஸ்அப் குரூப். வேலை மட்டும் கடைசியில்தான் வந்தது, அதுவும் என் தலையில்.

நான் அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். பகலில் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். எம்.எஸ்சி.யில் நீர்ப்பூச்சிகளைப் படித்தேன். தண்ணீரில் எந்தப் பூச்சி இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே அந்தத் தண்ணீரின் யோக்கியதையைச் சொல்லிவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீரைச் சோதித்தால் இன்றைய கதைதான் தெரியும். பூச்சியோ மாதக்கணக்காக அதிலேயே குடும்பம் நடத்துகிறது, அதை ஏமாற்ற முடியாது. இந்த அருமையான படிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்றால், ஒன்பதாம் வகுப்புக்குத் தவளையின் இதயத்துக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

குழுவின் தலைவர் ஒரு ரிட்டயர்டு பாங்க் ஆபீசர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், அங்கே பழைய கட்டடத்தை இடித்ததும் இங்கே வந்தவர். நெற்றி நிறையப் பக்தி, வாய் நிறைய இங்கிலீஷ். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"டீச்சர், இதுல நீங்கதான் எக்ஸ்பர்ட்னு பேரன் சொன்னான். ஒரு சயின்டிஃபிக் ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடுங்கோ. ஓடை சுத்தம், பின்னாடி ஓடற நாலா அசுத்தம். அவ்வளவுதான் விஷயம்."

"பாக்காம எப்படி சார் எழுதறது?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நமக்கெல்லாம் மூக்கு இல்லையா?"

மூக்கால் விஞ்ஞானம் செய்கிறவருக்கு என்ன பதில் சொல்ல? எழுந்து வந்திருப்பேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாத்தி யாருடையது என்று எனக்குத் தெரியும்.

தாராவியில் எங்கள் சந்தில் எதிர்வீட்டு அக்கா அவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டிக் கொடுத்து வந்தவள். புருஷன் தோல் பட்டறையில் இருந்தான். பட்டறை இடம் மாறியபோது அவனும் எங்கேயோ மாறிவிட்டான், முகவரி சொல்லவில்லை. அக்கா இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேவ்நார் பக்கம் வந்து, யார் பேரிலோ இருந்த ரயில்வே குத்தகையில் ஓர் ஓரத்தை, விளைச்சலில் பங்கு கொடுப்பதாக, வாரத்துக்குப் பிடித்து, அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டாள். மூத்தவள் நர்சிங் படிக்கிறாள், இளையவள் பள்ளிக்கூடம். எல்லாம் அந்தக் கீரை. கீரைக்குத் தண்ணீர் அந்த வாய்க்கால். அதை மூடினால் அன்றைக்கே பாத்தி முடிந்தது. வேறு தண்ணீருக்கு வழி கிடையாது. கட்டடத்து ரிப்போர்ட்டை யாரோ ஒரு கூலிக்காரன் மூக்கால் எழுதுவதைவிட நான் வலையால் எழுதினால் அவளுக்கு ஒரு வழி கிடைக்கும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்திருந்தது. மழை விட்டு ஓடை தெளிந்திருந்தது. தாராவியில் தையல் கடையில் கொடுத்துத் தைத்த வலை, வெள்ளைத் தட்டு, ஐஸ் அச்சுத் தட்டு, பிரஷ், ஸ்பிரிட் பாட்டில் என்று என் சாமான்களோடு போனேன். முறை சிக்கலானது அல்ல. ஓடையில் வலையைத் தண்ணீர் போகும் பக்கம் வைத்துக்கொண்டு, மேல்பக்கத்தில் நின்று காலால் கல்லைப் புரட்டி உதைக்க வேண்டும். கல்லடியில் ஒட்டிக் கிடப்பவை அடித்துக்கொண்டு வந்து வலையில் விழும். வாய்க்காலில் ஓட்டம் கிடையாது, அதனால் செடிகளுக்குள்ளும் சேற்றின் மேலும் வலையை வீசி வழிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே நேரம், ஒரே வலை, ஒரே ஆள். பிறகு தட்டில் கொட்டிப் பொறுக்கிப் பிரித்து, ஸ்பிரிட்டில் போட்டு, வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிட் என்றதும் தலைவர் கையை உயர்த்திவிட்டார்.

"அதுல போட்டா செத்துப் போயிடாதோ?"

"போகும் சார். அப்பத்தான் ஆற அமரப் பாக்க முடியும்."

"கூடவே கூடாது. புரட்டாசி மாசம். நாங்க வெங்காயமே தொடறதில்லே. ஜீவஹிம்சை பண்ணிட்டு ஒரு ரிப்போர்ட் நமக்கு வேணுமா?"

அவர் மனைவி, மாமி, அதற்கு மேலே ஒருபடி போனாள். "உசிரோட எண்ணிட்டு, திரும்ப விட்டுடலாமே டீச்சர். புண்ணியமாவது கிடைக்கும்."

ஹிம்சை கூடாதாம். கட்டடத்தில் மாதாமாதம் கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் வருகிறான், அவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறவள் இதே மாமி. கேட்டேன். அது வேறாம், அது வீட்டுக்குள் வருகிற ஜாதியாம். சரி தொலையட்டும், உயிரோடு எண்ணுவதும் ஒரு முறைதான், துல்லியம் கொஞ்சம் குறையும். ஒப்புக்கொண்டேன். ஒன்றே ஒன்று சொன்னேன்: எது எந்தத் தண்ணீரில் கிடைத்ததோ அது அந்தத் தண்ணீருக்கே திரும்பப் போக வேண்டும். பச்சை டீ-ஷர்ட்டுகள் எல்லாம் தலையாட்டின.

ஓடை எனக்கு நல்லதைத்தான் காட்டியது. மேஃபிளை என்ற பூச்சியின் குஞ்சுகள் இருந்தன, மூன்று வாலோடு, கல்லை விட்டால் பிழைப்பில்லாதவை. மணலையும் சிறு கல்லையும் ஒட்டவைத்துத் தனக்குத்தானே கூடு கட்டிக்கொண்டு அதையும் இழுத்துக்கொண்டு திரியும் புழுக்களும் இருந்தன. இவை இரண்டும் இருந்தால் தண்ணீருக்கு நல்ல மார்க். எல்லோரும் கைதட்டினார்கள். தாங்களே பெற்று வளர்த்ததுபோல் ஒரு பூரிப்பு. மாமி ஒரு புழுவை மொபைலில் படம் எடுத்துக் குரூப்பில் போட்டு "எங்கள் ஓடையின் செல்வம்" என்று எழுதினாள்.

பின்பக்கம் போனோம். பாதிப் பேர் மூக்கைக் கர்ச்சீப்பால் கட்டிக்கொண்டார்கள். உண்மையில் நாற்றம் ஒன்றும் பெரிதாக இல்லை. மழைத்தண்ணீரும் எங்கேயோ கசியும் குழாய்த் தண்ணீரும்தான் அதில் சேர்வது. பாசியும் ஆகாயத்தாமரையும் ஓரமாக இருந்தன. பாத்தியில் குனிந்து கீரை அறுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"என்னட்டி, பெரிய படிப்பெல்லாம் படிச்சிட்டுக் கடைசியில சாக்கடைக்குள்ளயா எறங்கிட்ட?"

"சாக்கடை இல்லக்கா. வாய்க்கால்."

"நீ சொல்லுத. மேல இருந்து எட்டிப் பாக்குத சவத்து மூதிய சொல்லணுமே. தெனமும் சன்னல்ல நின்னு மூக்கப் பொத்துதாவ. இத மூடிட்டா நான் எங்கன போவேன்? ரெண்டு பொட்டப் புள்ளையள எதக் கொண்டு வளப்பேன்? அதையும் உன் ரிப்போர்ட்டுல எழுது."

"அதெல்லாம் இதுல எழுத முடியாதுக்கா. பூச்சி மட்டுந்தான்."

"பூச்சிய எழுதுவியாம், மனுசியள எழுத மாட்டியாம். நல்ல படிப்புட்டி."

அவளுக்குப் பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. தட்டில் நெளிந்ததைப் பார்த்து "த்தூ" என்று துப்பிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்கு வாயெல்லாம் பல். தட்டான் குஞ்சுகள்! சேற்று நிறத்தில், தடித்துப்போய், ஒன்றல்ல இரண்டல்ல. ஊரில் தட்டான் என்றுதான் சொல்வோம், பறக்கும்போது எல்லோருக்கும் தெரியும். பறக்குமுன் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. அந்த வயதில் அது ஒரு பெருந்தீனிக்காரன். கீழுதட்டை மடித்து முகத்தின் கீழே வைத்திருக்கும், கொசுப்புழு பக்கத்தில் வந்தால் அதைக் கைபோல் நீட்டிக் கவ்விவிடும். கூடவே மல்லாந்து நீந்தும் துடுப்புப் பூச்சிகளும் நீர்வண்டுகளும் இருந்தன. அவையும் கொசுப்புழு தின்பவைதான். கொசுப்புழுவோ தேடிப் பார்க்க வேண்டிய அளவில்தான் இருந்தது.

எல்லோரையும் கூட்டி வைத்துத் தட்டைக் காட்டிச் சொன்னேன். "ஓடை மாதிரி மார்க் வராது. ஆனா இது சாக்கடை இல்ல. கொசுவ வளக்கறது இந்த வாய்க்கால் இல்ல, கொசுவத் தின்னு தீக்கறதுதான் இந்த வாய்க்கால். இந்தக் குஞ்சுங்க இருக்கற வரைக்கும் உங்க பின்பக்கத்துக்குப் பயமில்ல. மூடினா இது போகும். மூடின குழாய்க்குள்ள கொசு மட்டும் இருக்கும்."

தலைவர் குனிந்து பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு தட்டான் குஞ்சு ஒரு கொசுப்புழுவைக் கவ்வியது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ, என்ன ஜன்மம் பாருங்கோ. அழுக்குத் தண்ணில கெடந்து, இன்னொரு ஜீவனைக் கொன்னு தின்னுதான் பொழைக்கணும்னு எழுதியிருக்கு."

"பாவம்னா," என்றாள் மாமி. "நல்ல தண்ணில பொறந்திருந்தா இப்படி இருக்குமோ?"

இதை ஏதோ பக்திப் பரவசம் என்று விட்டுவிட்டேன். அந்தந்தத் தண்ணீரில் அந்தந்தப் பூச்சியை நானே நின்று விட்டுவிட்டு, குறிப்புகளை எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு தடவை பார்த்தது போதாது, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை எடுத்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் ரிப்போர்ட் நிற்கும். நடுவில் பள்ளிக்கூடத்தில் முதல் செமஸ்டர் பரீட்சை. சனிக்கிழமைகூட ஸ்கூல். டியூஷனையும் நிறுத்தி வைத்திருந்தேன். அந்த மாதம் முழுக்கக் கட்டடத்துப் பக்கமே போகவில்லை.

பரீட்சை முடிந்து இரண்டாவது தடவை குழுவோடு போனேன். முதலில் ஓடை. மேஃபிளை இருந்தது, கல்கூடு கட்டும் புழு இருந்தது. கல்லோரம் நீரில்லாத இடத்தில் ஒரு நத்தை செத்துக் கிடந்தது. தட்டையாகச் சுருண்ட ஓடு. அது ஓடையில் இருக்கிற சாதி இல்லை, தேங்கிய தண்ணீரில், செடியில் ஒட்டி இருப்பது. எப்படி இங்கே வந்தது என்று புரியவில்லை. கல்லிடுக்கில் ஒரு தட்டான் குஞ்சும் கிடந்தது, ஒரு பக்கத்துக் கால்கள் போய். அதுவும் வாய்க்கால் வகை.

பின்பக்கம் போய் வாய்க்காலில் வலையை வீசித் தட்டில் கொட்டினேன். கொதிக்கிற உலை மாதிரி தட்டு முழுக்கத் துள்ளியது. எல்லாம் கொசுப்புழு. மறுபடி வீசினேன், மறுபடி கொசுப்புழு. தட்டான் குஞ்சு ஒன்றுகூட இல்லை. துடுப்புப் பூச்சியும் வண்டும் இல்லை. யாரோ படம் எடுத்து அங்கிருந்தே வார்டு ஆபீஸுக்கு அனுப்பினார்கள். பின்னால் கைதட்டல் கேட்டது. "நான் சொல்லலை?" என்றார் தலைவர்.

மருந்து அடித்தால்கூட இப்படி ஆகாது, அடித்தால் கொசுப்புழுவும் சேர்ந்து போயிருக்கும். எனக்கு மண்டை காய்ந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, யாராவது இதுல எறங்கி ஏதாவது செஞ்சாங்களா?"

"எறங்கினாவளாவா? உன் கூட்டந்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை டீ வடிகட்டி, அரிசி சல்லடை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து நின்னாவ. ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கிட்டே வடிகட்டி வடிகட்டிப் பக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போனாவ. நீதான் அனுப்பி வச்சியாக்கும்னு இருந்துட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

நான் திரும்பித் தலைவரைப் பார்த்தேன். மறைக்கவேயில்லை மனிதர். மறைப்பதற்கு என்ன, பெருமையாகச் சொல்கிற விஷயமல்லவா!

"ஆமாம் டீச்சர், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலை. புரட்டாசி சனிக்கிழமை ஒவ்வொண்ணும் அந்த ஜீவன்களையெல்லாம் நரகத்துலேர்ந்து எடுத்து நம்ம ஓடையில விட்டோம். கரையேத்திட்டோம்."

"வாரம் நூத்தெட்டு," என்றாள் மாமி. "கொறையாம எண்ணித்தான் விட்டோம். நல்ல தண்ணியோல்லியோ, இனிமே அதுகள் கொல்லாது."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. தட்டான் குஞ்சு சாத்விகமாக மாறிவிடுமாம், ஓடைத் தண்ணீர் குடித்து! "கொசுப்புழுவையும் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். அது சின்னது, வடிகட்டியில் நிற்கவில்லையாம். தவிர, அதைக் கரையேற்ற யாருக்கும் மனசும் இல்லையாம், கடிக்கிற ஜன்மமாம். ஆக, தின்கிறவனையெல்லாம் பொறுக்கி எடுத்துப் போய்விட்டு, தின்னப்படுகிறதை மட்டும் பத்திரமாக விட்டு வைத்திருக்கிறார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைக்கூட மன்னிக்கலாம், அவன் எண்ணி எண்ணி ஊதவில்லை.

அன்று சாயங்காலமே கட்டடத்துச் சொசைட்டி ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். வாய்க்காலில் கொசு பெருகியது வாய்க்காலின் குற்றம் இல்லை, நீங்கள் பொறுக்கிப் போனதால் வந்தது என்று சொன்னேன். நீங்கள் ஓடையில் விட்டவற்றுக்கு ஓட்டத்தில் பிடித்து நிற்கும் உடம்பு கிடையாது, அடித்துக்கொண்டு போய்க் கீழே கழிமுகத்து உப்புத் தண்ணீரில் விழுந்திருக்கும், அநேகமாக எல்லாம் செத்திருக்கும் என்றும் சொன்னேன்.

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பொய் அழுகை இல்லை, நிஜமாகவே கண்ணீர். தலைவர் நாற்காலியில் சரிந்துவிட்டார்.

"அப்போ நாங்க கொன்னுட்டோமா?"

"ஆமா சார்."

"அத்தனையும்?"

"அநேகமா."

"ராமா, ராமா. அதுவும் புரட்டாசியிலே!" கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அறியாமப் பண்ணின பாவம். பிராயச்சித்தம் உண்டு. மொத்தம் எத்தனை போயிருக்கும்னு ஒரு அப்ராக்சிமேட்டா சொல்லுங்கோ டீச்சர். மாட்டுங்காவுல புரோகிதம் பண்ற வாத்தியாரைக் கேக்கணும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி வார்டு ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க சார். இன்னிக்கு அனுப்பின ஃபோட்டோவ எடுத்துக்க வேணாம், இது எங்களால வந்ததுன்னு. கொஞ்ச நாள் விட்டா தட்டான் தானே வந்து முட்டை போடும். குஞ்சு வளந்து பழையபடி ஆயிடும்."

"அது வேற, இது வேற. ஃபோட்டோ பொய்யா? கொசு இருக்கறது வாஸ்தவம்தானே?"

"நீங்க பண்ணினதால இருக்கு."

"யார் பண்ணினா என்ன? இருக்கா இல்லையா?"

"அந்தக் கீரைக்காரம்மா பொழைப்பு போயிடும் சார். ரெண்டு பொண்ணு படிக்குது."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? கவர்மெண்டுன்னு ஒண்ணு இருக்கே," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல்தான் அது. கண்ணோரத்தில் பூச்சிக்காக வடித்த ஈரம் இன்னும் இருந்தது. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்காவது ஆட்டின் மேல் ஒரு கண் இருந்தது. இவர்களுக்கு எதிரே ஆடு நிற்பதே தெரியவில்லை.

டியூஷனை அன்றோடு விட்டேன். என் இரண்டு தடவைக் குறிப்புகளையும் சேர்த்து நானே ஒரு ரிப்போர்ட் எழுதி வார்டு ஆபீஸுக்குக் கொண்டு போனேன். இன்ஜினியர் புரட்டினார். ஹிந்தியில் ரொம்ப மரியாதையாகவே பேசினார். "மேடம், பூச்சி பூச்சியைத் தின்னும்னு எழுதியிருக்கீங்க. நல்லா இருக்கு. ஆனா கம்ப்ளைன்ட் சொசைட்டி லெட்டர்ஹெட்ல வந்திருக்கு. உங்களோடது எந்த லெட்டர்ஹெட்?" என்னுடையது பள்ளிக்கூடத்து ரஃப் பேப்பர். அதைக் கிளிப் போட்டு ஒரு ஃபைலுக்குள் வைத்தார். அந்த ஃபைல் இன்னும் அங்கே இருக்கும். வார்டு ஆபீஸில் காகிதம் எதுவும் சாவதில்லை.

வாய்க்காலை மூடத்தான் போகிறார்கள் என்று அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டதெல்லாம், "எப்ப வருவான்?" என்பதுதான். தெரியாது என்றேன். "தெரிஞ்சா ஒரு நடை முன்னாடியே சொல்லு. இருக்கறதையாவது அறுத்துக்கிடுதேன். வெதை போட்டிருக்கேன், அது கெடக்கு," என்றாள்.

ஒருவரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் சின்னவள் போன் செய்தாள். ஜேசிபி வந்து நிற்கிறது என்றாள். ஓடினேன். நான் போகும்போது சிமெண்ட் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜேசிபி வாய்க்காலின் ஒரு முனையிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. அக்காவும் இரண்டு பெண்களும் பாத்தியில் குனிந்து, அறுக்கக்கூட நேரமில்லாமல், கீரையை வேரோடு பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கிப் பிடுங்கினேன். பாதி இன்னும் விரல் நீளம்கூட வளரவில்லை. அதையும் பிடுங்கினோம்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் மந்திரம் கேட்டது, நெய் கருகும் வாசனையும் வந்தது. அன்றைக்குத்தான் பிராயச்சித்த ஹோமம். மாட்டுங்காவிலிருந்து வாத்தியார் வந்திருந்தார். கட்டடமே கூடியிருந்தது. ஜேசிபி சத்தம் அதிகமாகும்போது மைக்கையும் கூட்டினார்கள். சிறிது நேரத்தில் வாட்ச்மேன் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து, "டீச்சர், மாமி குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான். புளியோதரை. நான் அங்கே இருப்பதை மாமி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். என்னைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு என் பக்கத்தில் வேரோடு கீரையைப் பிடுங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் தெரியவில்லை.

"என்னட்டி அங்க விசேசம்?" என்றாள் அக்கா, நிமிராமலே.

சொன்னேன். செத்துப்போன பூச்சிகளுக்காக ஹோமம் நடக்கிறது, அவை நல்ல கதி அடைய வேண்டுமாம், அன்னதானமும் உண்டு என்று சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். கையில் மண்ணோடு ஒரு கொத்துச் சிறுகீரை. ஜேசிபி அவளுடைய முதல் பாத்தியின் வரப்பைத் தொட்டிருந்தது. அதையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள்.

"பூச்சிக்கெல்லாம் கருமாதி செய்தாவளா? நல்லது. எங்களுக்கு என்னைக்குன்னு ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வா."

நான் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாத்தியாரிடம் நல்ல நாள் பார்த்துக் குறித்தே கொடுத்திருப்பார்கள்.